ஏற்றப் பலகைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

களுவாஞ்சிக்குடிப் பக்கத்து எங்கள் மாணவர் ரொபோ குழு இம்முறை போட்டியில் சாய்தளத்தை ஏறி முடித்தது. பரிசுப் பட்டியலில் பெயர் வரவில்லை, அது வேறு கதை. ஏறுவதற்குக் காரணமானவர்கள் யாரும் அன்று மண்டபத்தில் இருக்கவில்லை, குழுப் படத்திலும் இல்லை. அவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லத்தான் இந்த மடல். குழுவுக்குப் பொறுப்பான ஆசிரியர் என்ற முறையில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் ஒருவருடைய பெயரையும் போடவில்லை.

விசயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் தளத்தில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ரொபோ தானாக ஓட வேண்டும். பிள்ளைகள் பழகியது மாணவர்களுக்கான சர்வதேச ரொபோ போட்டியான ரொபோகப் ஜூனியரின் மீட்புக் கோட்டுப் பிரிவு விதிகளை வைத்து. அதில் ஓடுதளம் 30 செ.மீ. சதுரத் துண்டுகளால் ஆனது, சாய்வு 25 பாகைக்கு மேல் போகாது. 25 பாகை என்றால் சின்ன ஏற்றம் என்று நினைக்க வேண்டாம். ஒரேயொரு துண்டை அந்தச் சாய்வில் வைத்தால் மறுமுனை கிட்டத்தட்ட 12.7 செ.மீ. உயர்ந்துவிடும். எங்கள் சின்ன வண்டிக்கு அது மலைதான்.

முதல் நன்றி எங்கள் ஓடாவியாருக்கு. நாங்கள் கேட்டது ஒரு சாய்வுப் பலகை. அவர் செய்து தந்ததோ அடியில் பிணைச்சல் பூட்டி, பின்னால் முட்டுக்கால் கொடுத்து, துளை மாற்றிச் சாய்வைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒன்று. 10 பாகையில் தொடங்கிப் படிப்படியாக 25 வரை ஏற்றலாம். “ஒரேயடியா நிமித்தி வச்சா எங்க பிழைக்குதெண்டு எப்பிடி மனே தெரியும்?” என்று பிள்ளைகளிடம் கேட்டார். ஆய்வுகூடத்தில் நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதை அவர் உளி பிடித்த கையோடு சொல்லிவிட்டார். கூலி வாங்க மறுத்துவிட்டார். பலகைக் காசை மட்டும், அதையும் நாங்கள் விடாப்பிடியாக நின்றதால், எடுத்துக்கொண்டார்.

அடுத்தவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். மண்டூரிலிருந்து வாவியைக் கடந்து எங்கள் பக்கம் வந்திருந்த அறுவடை மிசின் ஓட்டுநர் அவர். மிசினை லொறியில் ஏற்றி வட்டைக்கு வட்டை கொண்டுபோவதே பெரும்போக அறுவடைக் காலத்தில் அவருடைய வேலை. பிள்ளைகள் சனசமூக நிலைய விறாந்தையில் பழகிக்கொண்டிருந்ததை வேடிக்கை பார்க்க வந்தார். ரொபோ உச்சி வரை போய் அங்கேயே திணறி நின்றது. நாங்கள் மோட்டருக்குப் பலம் போதவில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஏறுறது பெரிய வேலையில்ல சேர். ஏறி முடியிற இடத்திலதான் எல்லாம் கிடக்கு. சில்லு வச்சதெண்டா அதில வயிறு தட்டும். எங்கட செயின் மிசினெண்டா ஒரு கணம் வானத்தப் பாத்துட்டு, டபக்கெண்டு முன்னுக்கு விழும்.”

தூக்கிப் பார்த்தோம். அடித்தட்டில் பலகை விளிம்பு கீறிய கோடு! அப்புறம்தான் கணக்கைப் போட்டோம். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில் 16 செ.மீ. உள்ள வண்டி 25 பாகை ஏறிச் சமதளத்துக்கு வரும்போது நடு வயிற்றுக்குக் கீழே சுமார் 1.8 செ.மீ. இடைவெளி வேண்டும். எங்களிடம் இருந்தது 1.2. லொறி விளிம்பில் குட்டைப் பலகை ஒன்றைப் போட்டு அவர்கள் ஏற்றம் முடிந்து சமதளம் தொடங்கும் அந்த முறிவை இரண்டாகப் பிரித்து விடுவார்களாம். போட்டித் தளத்தில் நாம் பலகை போட முடியாது, ஆகவே வயிற்றின் கீழே தொங்கிய பற்றரிப் பெட்டியைக் கழற்றி மேலே ஏற்றினோம்.

“வானத்தப் பாக்கும்” என்று அவர் சொன்னது இன்னொரு முடிச்சையும் அவிழ்த்தது. உச்சியில் ரொபோவின் மூக்கு அந்தரத்தில் நிற்கும்போது அதன் கீழுள்ள கோட்டு உணரிகளும் தளத்தை விட்டு இரண்டு மூன்று செ.மீ. எழும்பிவிடுகின்றன. அவை நிலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை அளப்பவை, சில மில்லிமீற்றர் உயரத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஒளி திரும்பி வராவிட்டால் ரொபோ எல்லாமே கறுப்பு என்று நினைத்து, சந்தி வந்துவிட்டதாகத் திரும்ப முயலும். சரிவை அறியும் உணரி ஒன்றைப் பூட்டி, சாய்வில் இருக்கும்போது அப்படி வந்தால் திரும்பாதே, மெதுவாக நேரே போ என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நிரலை மாற்றி எழுதினாள். மெதுவாகப் போகச் சொன்னதும் அந்த மிசின் அண்ணன்தான்.

பற்றரி மேலே போனதும் ரொபோ மல்லாக்க விழத் தொடங்கியது. அதைத் தீர்த்தவர் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கும் எங்கள் ஊர்த் தம்பி. விடுமுறைக்கு வந்தவரை வீட்டார் பார்த்ததை விட நாங்கள்தான் கூடப் பார்த்தோம், அதற்கு அவருடைய அம்மாவிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டும். கீறிக் காட்டினார்: ஈர்ப்பு மையம் 7 செ.மீ. உயரத்தில், பின்சில்லின் அச்சுக்கு 3 செ.மீ. மட்டும் முன்னால் இருந்தால் 23 பாகையிலேயே கவிழும். அந்த 3 செ.மீ.யை 5 செ.மீ. ஆக்கினால் 35 பாகை வரை தாங்கும். பற்றரி மூக்குப் பக்கம் போனது. ஓட்டும் சில்லு பின்னால் என்பதால் ரொம்பவும் முன்னால் தள்ளவும் கூடாது, பின்சில்லில் பாரம் குறைந்தால் பிடிப்புப் போய்விடும் என்றும் எச்சரித்தார்.

பிடிப்பு என்றதும் சைக்கிள் கடை ஐயா. பழைய ரியூப்பை வளையமாக வெட்டிச் சில்லில் மாட்டித் தந்தார். கடற்கரை ஊரில் பலகையில் எந்நேரமும் பொடி மணல் இருக்கும், ஈரத்துணியால் துடைக்காமல் பழகினால் அந்த ரியூப்பும் வழுக்கும். ரீவி திருத்தும் மாமா, எங்கள் மோட்டர்களை இயக்கிய எல்298என் சுற்று பற்றரியின் 7.4 வோல்ற்றில் 2 வோல்ற்றளவைத் தானே தின்றுவிடுகிறது என்று மீற்றர் வைத்துக் காட்டி, வேறு வகை மாற்றித் தந்தார். பிளேன்ரீயும் பயறும் தந்த அம்மாமார், பலகையைப் பஸ்ஸுக்குள் ஏற்ற முகம் சுளிக்காத நடத்துனர், நிலையத்தின் திறப்பை எங்களிடமே விட்டுவைத்த செயலாளர் எல்லோருக்கும் எங்கள் நன்றி.

பிள்ளைகளுக்கு இப்போது புதுப் பைத்தியம். அமெரிக்காவின் பேர்ஸ்ட் ரொபோ போட்டியில் 2007ஆம் ஆண்டு ஆட்டத்தில், ஒரு ரொபோ தன் உடம்பையே சாய்தளமாக விரித்துக் கூட்டாளி ரொபோவை மேலே ஏற்றலாம். 4 அங்குலம் உயர்த்தினால் 15 புள்ளி, 12 அங்குலம் என்றால் 30. அதைப் போல ஒன்று வேண்டுமாம். ஓடாவியாரிடம் இன்னும் சொல்லவில்லை, இதை வாசித்தால் தெரிந்துகொள்வார்.

துளை மாற்றும் அந்தப் பலகை சனசமூக நிலையத்திலேயே இருக்கிறது. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ எந்தப் பாடசாலைப் பிள்ளைகளும் வந்து பழகலாம், இரவலாகக் கொண்டும் போகலாம். ஓட்டோவுக்குள் அடங்காது, வரும்போது சின்ன லொறியோ லேன்ட்மாஸ்டர் பெட்டியோ பிடித்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
ரொபோ குழுவின் பிள்ளைகள் சார்பில்,
பொறுப்பாசிரியர்