ஃபேப்-ஐ தடுப்பான்களைத் தேடும் ஆய்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆய்வாளர்களே,

பாக்டீரியா கொழுப்பு அமிலம் கட்டும்போது ஒவ்வொரு சுற்றையும் முடித்து வைக்கும் நொதி ஃபேப்-ஐ. அது நல்ல இலக்கு என்பதில் சண்டை இல்லை. காசநோய்க்குத் தரும் ஐசோனியசிட் முடக்குவதும் இதன் உறவு நொதியான இன்-எச்-ஏ-வைத்தான். நொதியின் வேகத்தைப் பாதியாக்கும் செறிவான ஐசி50 ஒன்றை மட்டும் காட்டி மருந்து கிடைத்துவிட்டதாக எழுதுவதுதான் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

ஈ.கோலை பாக்டீரியாவின் நொதியோடு, அது வினைபுரியும் குரோட்டோனைல் கோஏ-வையும், வினையில் என்ஏடி+ ஆக மாறும் துணைப்பொருளான என்ஏடிஎச்-ஐயும் கலந்து, என்ஏடிஎச் குறையக் குறைய 340 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் இறங்குவதைப் பார்க்கிறீர்கள். ஃபேப்-ஐ-யைத் தடுக்கும் கிருமிநாசினியான டிரைக்ளோசான் போன்றவை வெறும் நொதியை அல்ல, என்ஏடி+ ஏறிய நொதியைத்தான் இறுகப் பிடிக்கும். வினை ஓட ஓட என்ஏடி+ பெருகுவதால் கோடு போகப்போக வளையும். தொடக்கச் சரிவை மட்டும் அளந்தால் நல்ல சேர்மம்கூடச் சோப்ளாங்கியாகத் தெரியும். எனவே என்ஏடி+ சேர்த்து, நொதியையும் தடுப்பானையும் முன்கூட்டியே ஊறவிடுங்கள். நொதி 50 நானோமோலார் என்றால், அதில் பாதியை அடைக்கவே 25 நானோமோலார் சேர்மம் வேண்டும் என்பதால், ஐசி50 25-க்குக் கீழே இறங்காது. அது சோதனையின் எல்லை. 0.01 சதவீதம் டிரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்பு போன்ற பொருளை விட்டதும் தடுப்பு காணாமல் போனால், சேர்மம் திரண்டு நொதியை அப்பிக்கொண்டிருந்தது என்று சந்தேகப்படுங்கள்.

செல்லுக்குள்ளும் இலக்கு அதுதானா? ஃபேப்-ஐ-யில் ஜி93வி பிறழ்வுள்ள ஈ.கோலையில் டிரைக்ளோசானின் எம்ஐசி, அதாவது வளர்ச்சியை நிறுத்தத் தேவைப்படும் குறைந்தபட்சச் செறிவு, ஏறும். ஃபேப்-ஐ-யை மிகையாக உற்பத்தி செய்யும் செல்லிலும் ஏற வேண்டும். ஏறாவிட்டால் உங்கள் சேர்மம் வேறெதையோ தாக்குகிறது என்று சந்தேகப்படுங்கள்.

பெரிய வில்லங்கம், கொழுப்பு அமிலங்கள் உள்ள இரத்தச் சீரம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்ற பாக்டீரியா வெளியிலிருந்து கொழுப்பு அமிலத்தை எடுத்துக்கொண்டு இந்தப் பாதை இல்லாமலே வளரும் என்று 2009-லேயே காட்டிவிட்டார்கள். சீரம் சேர்க்காத வழக்கமான முல்லர்-ஹின்டன் வளர்ப்பு ஊடகத்தில் மட்டும் சோதித்தால் இது கண்ணில் படாது. சீரம் சேர்த்ததும் எம்ஐசி ஏறினால் காரணம் இரண்டில் ஒன்றாகலாம்: பாக்டீரியா கொழுப்பு அமிலத்தை எடுத்துக்கொண்டது, அல்லது சீரத்தில் உள்ள புரதமான ஆல்புமின் உங்கள் சேர்மத்தைப் பிடித்துவைத்துக்கொண்டது. கொழுப்பு நீக்கிய சீரத்தையும் பக்கத்தில் வைத்தால் பிரித்தறியலாம். அதிலும் எம்ஐசி அதே அளவு ஏறினால் சந்தேகம் ஆல்புமின் மீதுதான். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் சற்று அடங்கிக் கிடந்து பிறகு வளரக்கூடியது. 20 மணி நேரத்தில் தட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், 48 மணி வரை பாருங்கள்.

எந்தக் கிருமிக்கு என்பதையும் தெளிவாக எழுதுங்கள். நிமோகாக்கஸில் ஃபேப்-ஐ கிடையாது, அந்த வேலையை ஃபேப்-கே என்ற வேறொரு நொதி பார்க்கிறது. சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் ஃபேப்-ஐ-யோடு அதே வேலையைச் செய்யும் ஃபேப்-வி-யும் உண்டு. அங்கே சேர்மம் பலிக்காததற்கு மருந்தை வெளியேற்றும் பம்புகளை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர முடியாது.

இப்படிக்கு,
உடன் ஆய்வாளர்கள் சிலர்