சேர்வராயன் ஓடை மீன்களைப் பதிவேட்டில் ஏற்றுங்கள்

சேர்வராயன் மலை ஊராட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2019இல் கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு வீட்டுக் கிணற்றிலிருந்து கிடைத்த மீன், பாங்கியோ புஜியா என்ற பெயரில் புது இனமாக அறிவிக்கப்பட்டது. மண்புழு போல மெலிந்த செந்நிற உடல். முதுகுத் துடுப்பே கிடையாது. நிலத்தடி இடுக்குகளில் நெளிந்து போகிறவனுக்கு அது எதற்கு? 2022இல் அதன் உறவு மீன் ஒன்று கேரளத்தின் செங்கண்ணூரில் பதிவானது. அதை முதலில் கண்டவர் ஆய்வாளர் அல்லர், உள்ளூர்க்காரர்.

நம் கிணறுகளிலும் அந்த மீன் இருக்கும் என்று சொல்ல வரவில்லை. நம்மிடம் இருப்பவை பாறை ஓடைகள். தென்னிந்திய மலை ஓடைகளில் வாழும் கர்ரா வகை மீன்களைக் கவனியுங்கள். கீழுதடு அகன்று வட்டத் தட்டாக மாறியிருக்கும். அதைக் கல்லில் பதித்து, வெள்ளம் இழுத்தாலும் நகராமல் நின்று, கல்லின் மேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். வயிற்றுப்புறம் தட்டையாக இருக்கும். கல்லின் மேல் வண்டல் படிந்தால் அதற்குப் பிடியும் போகும், சோறும் போகும்.

இன்னொன்று. திருமணிமுத்தாறு இந்த மலையில் பிறந்து, சேலம் நகரைக் கடந்து காவிரிக்குப் போகிறது. வாணியாறோ வடக்கே இறங்கித் தென்பெண்ணையில் சேர்கிறது. முகடு தாண்டி மீன் போக முடியாது. பல்லாயிரம் ஆண்டு பிரிந்து கிடந்தால் இரு சரிவு மீன்களும் வேறுபட்டிருக்கலாம். பார்க்காமல் எப்படிச் சொல்வது?

2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ், ஊரின் உயிரினங்களை ஊராரிடம் கேட்டு எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது உங்கள் பொறுப்பு. அதில் 'கெண்டை, கெளுத்தி' என்று ஒரு வரியோடு முடித்துவிடாதீர்கள். நம் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெரியவர்களைக் கேளுங்கள். எந்த மடுவில் எது, எந்த மாதத்தில் என்று அவர்கள் சொல்வார்கள். மீனைக் கண்ணாடிக் குடுவையில் விட்டுப் பக்கவாட்டிலும் அடிப்புறத்திலும் படம் எடுங்கள். வாய்த்தட்டு தெரிவது அடியில்தான். ஐயமான மாதிரியைச் சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வு மையத்துக்கு அனுப்பலாம்.

கொசு ஒழிப்புக்கென்று கம்பூசியாவை ஓடையில் விடவேண்டாம். அது அமெரிக்க மீன். உள்ளூர் மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். காபிப் பழம் உரித்த கழிவு நீரும் ஓடைக்கு ஆகாது. அது அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். அறுவடைக் காலம் முடியும்போது ஓடையில் நீரும் குறைவு. பழம் பறிப்பு தொடங்கும் முன்பே கணக்கெடுப்பை ஆரம்பித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஏற்காட்டுவாசி ஒருவன்