பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் கேட்டு மனு

அனுப்புநர்
பத்தாம் வகுப்பு மாணவர்களின் பெற்றோர்,
கவுண்டன்ய ஆற்றங்கரைப் பகுதி,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

நாள்: 6.12.2021

பொருள்: பள்ளி மூடியிருந்த காலத்தில் ஃபோன் வழியாகவும் டி.வி. வழியாகவும் கணக்குப் படித்து, இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு வார இறுதியில் நேரடிக் கணக்கு வகுப்பு நடத்த வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டிலேயே பீடி சுற்றுகிறவர்கள். மற்றவர்கள் லுங்கித் தறி, தீப்பெட்டி வேலை என்று இருக்கிறோம். எல்லோருக்கும் சேர்த்து இந்த மனுவை நான் எழுதுகிறேன். என் மகளும் பத்தாம் வகுப்புதான், அரசுப் பள்ளியில் படிக்கிறாள்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளியை மூடியபோது இந்தப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் இருந்தார்கள். ஆண்டுத் தேர்வு எழுதவில்லை. ஒன்பதாம் வகுப்பில் அவர்கள் பள்ளிக்குப் போனது 2021 பிப்ரவரி 8 முதல் மார்ச் 21 வரை, ஆறே வாரம். அதற்குள் எல்லோரும் தேர்ச்சி என்று அறிவிப்பும் வந்துவிட்டது. தொற்று பரவிய நேரத்தில் வேறு வழி இருக்கவில்லை என்பது எங்களுக்கும் தெரியும், அதைக் குறை சொல்லவில்லை. செப்டம்பர் 1 அன்று நேராகப் பத்தாம் வகுப்புப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். அதுவும் சுழற்சி முறையில், வகுப்புக்கு இருபது பேராக, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம் நவம்பர் மழை வந்தது. மோர்தானா அணை நிரம்பி ஆற்றில் வெள்ளம் போனது. மறுபடி பள்ளிக்கு விடுமுறை, மறுபடி ஃபோனில் பாடம்.

தமிழையும் சமூக அறிவியலையும் பிள்ளைகள் எப்படியோ புத்தகத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டார்கள். கணக்குதான் அப்படி வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் கல்வி தொலைக்காட்சியில் முக்கோணத்துக்குச் சுற்றுவட்டம், அதாவது அதன் மூன்று முனை வழியாகவும் போகிற வட்டம், வரைகிற பாடம் போட்டார்கள். அந்த ஆசிரியர் நன்றாகத்தான் நடத்தினார். ஆனால் என் மகள் காம்பஸில் பென்சிலைச் சொருகி முடிப்பதற்குள் அவர் வட்டத்தின் மையத்தைக் கண்டுபிடிக்கப் பக்கங்களின் நடுவில் செங்குத்தாகப் போடுகிற இரண்டு மையக்குத்துக்கோடும் போட்டுவிட்டார். நிறுத்தச் சொல்லிக் கேட்க முடியாதே. பாடம் முடிந்த பிறகு புத்தகத்தைப் பார்த்துத் திரும்பத் திரும்ப வரைந்தாள். வட்டம் இரண்டு முனை வழியாகப் போகும், மூன்றாவது முனையில் ஒரு நூல் அளவு விலகிவிடும். அழித்து அழித்துத் தாள் கிழிந்துபோனது. நானும் பீடி இலையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நான் படித்தது ஏழாவது, எனக்கு என்ன தெரியும்? அதை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். எத்தனையோ பிள்ளைகள் அனுப்பிய படங்களோடு அதுவும் போய்விட்டது. தனக்குக் கணக்கு வராது என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

செப்டம்பரில் பள்ளி திறந்த முதல் வாரம், கணக்கு ஆசிரியை அவள் கையில் இருந்த காம்பஸை வாங்கிப் பார்த்தார். திருகு லூசாக இருந்திருக்கிறது. வில் வெட்டும்போதே அளவு நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. திருகை இறுக்கிக் கொடுத்தார், வட்டம் மூன்று முனையிலும் உட்கார்ந்தது. ஒரு நிமிட வேலை ஐயா. அந்த ஒரு நிமிடத்துக்கு ஆள் இல்லாமல் என் மகள் ஒரு வருடம் தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் கோரிக்கைக்குக் காரணமே இதுதான். கணக்கில் விடை தப்பாக வந்தால், எந்த வரியில் தப்பியது என்று பக்கத்தில் இருந்து ஒருவர் விரல் வைத்துக் காட்ட வேண்டும். ஒரு மைனஸ் குறி விட்டுப்போனதை டி.வி. கண்டுபிடிக்காது. ஒன்பதாம் வகுப்பில் காரணிப்படுத்தத் தெரியாமல் வந்த பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடு எப்படிப் புரியும்? பாடத்தைக் குறைத்திருக்கிறார்கள், அது உதவிதான். ஆனால் போன வருடத்து அடிப்படை இல்லாதவர்களுக்குக் குறைத்த பாடமும் ஏறவில்லை. கணக்குத் தேர்வில் வடிவியல் வரைவதற்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8 மதிப்பெண். தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்கிறபோது, அதில் 16 கைப்பழக்கத்தால் வருகிறது. கையைப் பிடித்துப் பழக்க ஆள் இருந்தால் எங்கள் பிள்ளைகளால் இதை எடுக்க முடியும்.

அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்த, தன்னார்வலர்கள் வீட்டுப் பக்கத்திலேயே பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டபோது மிகவும் சந்தோஷப்பட்டோம். விசாரித்தால், அது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைதான் என்றார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அவசியம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சில மாதத்தில் பொதுத்தேர்வு எழுதப்போகிற பிள்ளைகள் அதில் இல்லை. டியூஷனுக்கு அனுப்ப எங்களிடம் பணமும் இல்லை.

எனவே, பொதுத்தேர்வு வரை ஞாயிறு காலையிலும், பள்ளி இல்லாத மற்ற நாட்களிலும் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கணக்குக்கு மட்டும் இரண்டு மணி நேர நேரடி வகுப்பு நடத்த ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். இருக்கிற ஆசிரியர்களையே ஞாயிற்றுக்கிழமையும் வாருங்கள் என்று கேட்க எங்களுக்கு மனசில்லை, அவர்கள் ஆறு நாளும் வேலை செய்கிறார்கள். குடியாத்தத்தில் அரசு திருமகள் ஆலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே கணிதம் படிக்கிற மாணவ மாணவியரைத் தன்னார்வலர்களாக அனுப்பி, போக்குவரத்துக்கு ஒரு சிறு தொகை கொடுத்தால் போதும். இடம் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். பாய், விளக்கு, குடிதண்ணீர் எங்கள் பொறுப்பு. வெள்ளத்தில் புத்தகமும் ஜியாமெட்ரி பாக்ஸும் நனைந்து வீணான பிள்ளைகளுக்கு மாற்றுப் புத்தகமும், வரைபடத் தாளும் கொடுத்து உதவ வேண்டும்.

இன்னொன்று. இனி மழைக்கோ தொற்றுக்கோ பள்ளியை மூடும்படி ஆனால், ஃபோனை மட்டும் நம்ப வேண்டாம். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு ஃபோன், அதுவும் அப்பா வேலைக்குப் போகும்போது கூடவே போய்விடும். பள்ளி மூடியிருந்தபோது சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு வாங்கப் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போய் வரிசையில் நின்றோம். அதே வரிசையில் ஒரு கணக்குத் தாளும் கொடுத்து, அடுத்த முறை வரும்போது அதைத் திருத்தித் திருப்பிக் கொடுத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இதற்குச் செலவும் அதிகம் ஆகாது. முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களிடம் கலந்து, இதை ஒரு நிலையான ஏற்பாடாக வைக்கும்படி வேண்டுகிறோம்.

எங்கள் தெருவில் இரண்டு பையன்கள் செப்டம்பரில் பள்ளி திறந்தும் போகவில்லை. வேலைக்குப் போகிறார்கள். கணக்கு வராது, ஃபெயில்தான் ஆவோம், அதற்கு இப்போதே சம்பாதிக்கலாம் என்கிறார்கள். வகுப்பு தொடங்கினால் அவர்களைக் கூட்டி வந்து உட்கார வைப்பதாக அவர்களுடைய அம்மாக்கள் இந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். டிசம்பர் முடிவதற்குள் வகுப்பு தொடங்கினால் அவர்களுக்கும் நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
பெற்றோர்கள்

இணைப்பு: பெற்றோர் கையெழுத்திட்ட தாள், என் மகளின் ஒன்பதாம் வகுப்பு வடிவியல் நோட்டில் சுற்றுவட்டம் வரைந்த பக்கத்தின் நகல்.