தட்டட்டிக் கம்பமும் எடிசன் ஜன்னலும்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். பேசி அனுப்பலாம் என்றால் பாதியிலேயே பேரன் வந்து புகுந்துவிடுகிறான், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ சொன்ன எண்ணெயை முட்டில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எண்ணெய் தீர்கிறது, வலி தீரவில்லை.

கேபிளை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். இங்கே அமெரிக்காவில், நியூஜெர்சியின் எடிசன் ஊரில், போன மாதம் நான் அதைத்தான் செய்தேன். மகன் வருஷக்கணக்காகக் கட்டிவந்த பில்லை ஒரு நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தேன். 140 டாலர் சொச்சம். பெட்டிக்கு வாடகை, யாரும் பார்க்காத விளையாட்டு சேனல்களுக்குத் தனிக் கட்டணம், அதற்கும் கீழே 'ஒளிபரப்புக் கட்டணம்' என்று 28 டாலர். அது என்னடா என்றால், ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் என்ற பெரிய டிவி நிறுவனங்களின் உள்ளூர் நிலையங்களுக்காம். மாப்ளே, அதெல்லாம் காற்றிலேயே சும்மா வருகிறது! 1992-இல் வந்த ஒரு சட்டப்படி அந்த நிலையங்கள் கேபிள்காரனிடம் காசு கேட்கலாம். அவன் கொடுத்துவிட்டு நம்மிடம் வாங்கிக்கொள்கிறான். ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு தண்ணீர் லாரிக்குக் காசு கொடுத்த கதை.

முப்பது டாலருக்கு ஒரு ஆன்டெனா வாங்கினேன். அப்பளம் மாதிரி தட்டையாக இருந்தது. நியூயார்க் நிலையங்கள் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்தும் ஒன் வேர்ல்டு டிரேட் சென்டரிலிருந்தும் ஒளிபரப்புகின்றன. எடிசனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், வடகிழக்கு. அந்தப் பக்க ஜன்னலில் ஒட்டி ஸ்கேன் கொடுத்தால் அறுபது சேனலுக்கு மேல் வந்து விழுந்தது. பாதி ஸ்பானிஷ், கால்வாசி நகை விற்கிறவர்கள். ஆனால் படம் கேபிளில் வந்ததைவிடப் பளிச்சென்று இருக்கிறது.

ஏழாம் நம்பர் மட்டும் வரவில்லை. அதில்தான் ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். 2009 ஜூன் 12-ஆம் தேதியோடு இங்கே பெரிய நிலையங்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. திரையில் தெரியும் நம்பர் பல நிலையங்களுக்கு வெறும் பட்டப்பெயர், உண்மையில் வேறு அலைவரிசையில் இருக்கும். இரண்டாம் நம்பர் சிபிஎஸ் யுஎச்எஃப் என்ற குட்டை அலையில் வருகிறது. ஏழாம் நம்பர் ஏபிசியோ பழைய ஏழிலேயே, விஎச்எஃப் என்ற நீள அலையில் உட்கார்ந்திருக்கிறது. அந்த நீள அலையைப் பிடிக்க அப்பளம் போதாது, நீளக் கம்பி வேண்டும். திரும்பக் கடைக்குப் போய் இரண்டு கொம்பு வைத்த ஒன்றை வாங்கி வந்தேன். நான் ஜன்னலோரம் கொம்பை இப்படியும் அப்படியும் சாய்க்க, உள்ளே இருந்து உன் தங்கச்சி கத்துகிறாள்: "வந்துட்டு, வந்துட்டு! அப்படியே நில்லுங்க, கையை எடுக்காதீங்க!"

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் உங்கள் வீட்டு மொட்டைமாடியில், அதான் நம் தட்டட்டியில், நான் ஆன்டெனாக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன், நீ படிக்கட்டில் நின்று கத்துவாய். கடலைப் பார்த்துத் திருப்பினால் இலங்கையின் ரூபவாஹினி, வடக்கே திருப்பினால் கொடைக்கானலிலிருந்து வரும் தூர்தர்ஷன். கொடைக்கானல் வருவதற்கு முன்னால் தூத்துக்குடிக்கு டிவி என்றால் கொழும்புதானே. சிங்களச் செய்தி ஒரு வார்த்தை புரியாமல் முழுசாகப் பார்த்திருக்கிறோம். ஆன்டெனாவில் காக்கா உட்கார்ந்தால் மறுபடி நான் மேலே ஓட வேண்டும்.

அந்தக் கம்பிக்கு இங்கே இன்னும் மரியாதை இருக்கிறது. குடியிருப்புச் சங்கத்தில் ஒருவர் பால்கனியில் ஆன்டெனா வைக்கக் கூடாது என்று வந்தார். சொந்த பால்கனியில் வைப்பதைத் தடுக்கக் கூடாது என்று 1996-இலேயே விதி இருக்கிறது, அதை அச்சடித்துக் கொடுத்தேன். நம் ஊரிலோ தூர்தர்ஷன் தரைவழி ஒளிபரப்பை ஏறக்குறைய மூடிவிட்டது, 2022 மார்ச்சுக்குள் சில முக்கிய இடங்கள் தவிர எல்லாம். இனி அங்கே மாதக் காசு இல்லாமல் பார்க்க வேண்டுமானால் டிடி ஃப்ரீ டிஷ் குடைதான். தட்டும் பெட்டியும் ஒரு தடவை வாங்குவதோடு சரி.

சீரியலுக்கு சன் நெக்ஸ்ட் ஆப், கிரிக்கெட்டுக்கு வில்லோ சேனல். இவை ஆன்டெனாவில் வராது, காசு கட்டித்தான் ஆக வேண்டும். இதில் ஜாக்கிரதையாக இரு. ஒவ்வொன்றாகச் சேர்த்தால் மூன்றே மாதத்தில் பழைய பில்லுக்கே வந்து நிற்பாய். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பழையதில் ஒன்றை நிறுத்தணும், இது எங்கள் வீட்டுச் சட்டம். மகன் முணுமுணுக்கிறான், முணுமுணுக்கட்டும்.

உனக்கு என் யோசனை: ஹாலில் கேபிளை எடுத்துவிடு. உன் வீட்டில்தான் ஃபைபர் நெட் இருக்கிறதே. அத்தை அறையில் மட்டும் கை வைக்காதே. எண்பது வயதில் ரிமோட்டில் நம்பர் அமுக்கிப் பழகிய விரலை ஆப், பாஸ்வேர்டு, புரொஃபைல் என்று அலைக்கழிக்க வேண்டாம். உன் மகன் சொல்லிக் கொடுக்கிறேன் என்பான், இரண்டு நாள் சொல்லிக் கொடுப்பான். மூன்றாம் நாள் அத்தை டிவி பக்கமே போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். என் அம்மாவுக்கு நான் அதைச் செய்துவிட்டேன், மாப்ளே.

அந்தக் கம்பம் இன்னும் தட்டட்டியில் நிற்கிறதா? நின்றால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கடைசியாக எந்தப் பக்கம் பார்த்து விட்டுவிட்டு வந்தோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் பழைய கூட்டாளி