மாத்திரையை நிறுத்தப் போவதில்லை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

"அந்த மாத்திரையை விட்டுத் தொலையேம்மா, அஞ்சு வருஷமும் இப்படி முனகிக்கிட்டே இருக்கப் போறியா" என்று நேற்று கேட்டாய், மார்பகப் புற்றுநோய் திரும்பாமலிருக்க நான் சாப்பிடும், மூட்டு வலி தரும் மாத்திரையை. அப்பா பக்கத்தில் இருந்ததால் பேச்சை மாற்றிவிட்டேன். போனில் பதில் சொன்னால் நீ அழுவாய், நான் அதட்டுவேன், விஷயம் அப்படியே நிற்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நீ கூப்பிடுவது உன் ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில். மெல்போர்னில் பன்னிரண்டு என்றால் மதுரையில் ஏழரை. நீங்கள் கடிகாரத்தைத் தள்ளி வைக்கிற மாதங்களில் ஆறரை. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மூட்டு இறுகிக் கிடப்பதே அந்த வேளையில்தான். கட்டிலை விட்டு இறங்கினால் பாதம் தரையில் பாவாது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருகிறேன், சரியாக அப்போது வீடியோவில் நீ வருகிறாய். பத்து மணிக்கு மொட்டைமாடி ஏறி வடகம் காயப்போடுகிறவளை நீ பார்த்ததில்லை.

வலி இல்லை என்று சொல்லவில்லை. வலது கை மோதிர விரல் மடங்கினால் அப்படியே பூட்டிக்கொள்கிறது. இடது கையால் பிடித்து நிமிர்த்தினால் 'டக்'கென்று விடுபடும். பூக் கட்டும்போது நூலைச் சுண்டி இழுக்க அந்த விரல்தான் வேண்டும், அதனால் இப்போது மல்லிகையைக் கட்டிய சரமாகவே வாங்குகிறேன். விலையைக் கேட்டால் வலி மறந்துவிடுகிறது! குக்கர் மூடி அப்பா வேலை. ரவிக்கைக் கொக்கியைத்தான் யாரிடமும் கேட்க முடிவதில்லை, முன்பக்கம் கொக்கி வைத்துத் தைக்கச் சொல்லிவிட்டேன்.

சரி, ஏன் நிறுத்த மாட்டேன்? விலங்கியல் எடுத்தவளிடம் கேட்டால் பாடம் நடத்தாமல் விடுவேனா. எனக்கு வந்த கட்டி ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோனைத் தின்று வளரும் வகை. மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை ஓய்ந்துவிடும், ஆனால் ஈஸ்ட்ரோஜன் ஓயாது. கொழுப்பிலும் தசையிலும் அரோமடேஸ் என்கிற நொதி அதைச் சிறிது சிறிதாகத் தயாரித்துக்கொண்டே இருக்கும். லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் என்கிற மாத்திரைகள் மூன்றும் அந்த நொதியை அடைப்பவை. இருந்த கொஞ்ச ஈஸ்ட்ரோஜனும் போவதால் மூட்டு முறையிடுகிறது. சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது உண்டு, பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தொடங்கிவிடும். அதே சமயம், மாத்திரை சாப்பிடும் அந்த ஐந்து வருடத்தில் கட்டி திரும்பி வரும் வாய்ப்பும் பாதிக்கு மேல் குறைகிறது. வலி தாங்காமல் டாக்டரிடம் சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை விட்டுவிடுகிறவர்கள் எவ்வளவோ பேர். நான் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டேன்.

அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்கவும் இல்லை. டாக்டரிடம் விரலை மடக்கிக் காட்டினேன். வாதமா என்று ரத்தத்தில் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், அப்படி ஒன்றும் இல்லை. பிறகு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த லெட்ரோசோலை மூன்று வாரம் நிறுத்தி வைத்தார். அந்த இடைவெளியில் விரல் கொஞ்சம் தளர்ந்ததால் மாத்திரையின் வேலைதான் என்று உறுதியானது. இப்போது எக்ஸிமெஸ்டேன். ஒரே குடும்பத்து மருந்துதான், ஆனாலும் ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வதுண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. முழங்கால் பரவாயில்லை, விரல் இன்னும் அடம்பிடிக்கிறது. ஆக, நிறுத்துவது என்பதும் சிகிச்சையில் இருக்கிறது, ஆனால் அதை அவர் சொல்லி, அவர் சொன்ன நாளில் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது நடைதான். பெரியம்மா கேட்டால் அடிக்க வருவாள், "மூட்டு வலிக்கிறவள் நடந்தால் தேஞ்சுதான் போகும்" என்பது அவள் கட்சி. இது தேய்மானம் இல்லை என்று எத்தனை முறை சொல்வது! பிசியோ பெண் ஓர் ஆய்வைச் சொன்னாள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2015-ல் வெளியிட்டது. இதே மாத்திரையால் மூட்டு வலி வந்த 121 பெண்களில் ஒரு பாதியை வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்கவும், 2 நாள் எடை தூக்கவும் வைத்திருக்கிறார்கள். ஒரு வருடத்தில் அவர்களுடைய வலி 29 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்குக் குறையவே இல்லை. 29 சதவீதம் என்றால் சின்ன எண்ணாகத் தெரியும் உனக்கு. பால் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தவளைக் கேள்.

அதனால் தினமும் தெப்பக்குளத்தைச் சுற்றுகிறேன். முதல் சுற்று முழுக்க முழங்கால் திட்டும். இரண்டாவதில் வாயை மூடிக்கொள்ளும். வீட்டில் ரப்பர் பட்டையைக் கதவில் மாட்டி இழுக்கிறேன், அப்பா அதைப் பார்த்துச் சிரிக்கிறார், பிறகு அவரும் இழுக்கிறார். காலையில் கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டினால் பூட்டு சீக்கிரம் விடுகிறது.

எலும்புக்கும் இந்த மாத்திரை நல்லதில்லை. அதற்குத் தனியாக ஸ்கேன் பார்த்து, கால்சியமும் விட்டமின் டி-யும் தந்து, 6 மாதத்துக்கு ஒருமுறை ஊசியும் போடுகிறார்கள். ஊசி போட்ட அன்று காய்ச்சல் அடிக்கும், அவ்வளவுதான்.

வலி நிவாரணி பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கு பி.பி. இருப்பதால் கண்ட மாத்திரையையும் விழுங்க முடியாது, ரொம்ப முடியாத நாளில் பாராசிட்டமால். அதற்கும் அடங்காவிட்டால் டுலோக்செடின் என்று ஒன்று இருக்கிறதாம், மனச்சோர்வுக்குத் தருவது, இந்த மூட்டு வலிக்கும் கேட்கிறதென்று ஆய்வில் வந்திருக்கிறது. பெரியம்மா காதில் இது விழுந்தால் "பைத்தியத்துக்கான மாத்திரையா" என்று தெருவையே கூட்டிவிடுவாள். தேவைப்பட்டால் சாப்பிடுவேன், அவளிடம் சொல்லமாட்டேன். அவள் கொண்டுவந்த சூரணத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று டப்பாவிலும் இல்லை, விற்றவருக்கும் தெரியவில்லை.

நீ அனுப்பிய மீன் எண்ணெய் சமாச்சாரமும் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. அதையும் இதே வலிக்குச் சோதித்திருக்கிறார்கள். மீன் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு வலி பாதிக்கு மேல் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் சோயா, சோள எண்ணெய் அடைத்த குளிகையைச் சாப்பிட்டவர்களுக்கும் அதே அளவு குறைந்ததாம்! இரண்டு குப்பியையும் முடித்துவிட்டேன். எண்ணெய்க்குக் கேட்டதோ, மகள் அனுப்பினாள் என்பதற்குக் கேட்டதோ. மறுபடி காசைக் கொட்டாதே.

அந்தக் காசில் வேறு வாங்கு. உங்கள் ஊர்க் கடைகளில் புட்டி மூடி திறக்கும் சாமான் ஒன்று விற்கிறார்களாமே, தடித்த ரப்பர்ப் பிடி வைத்தது. காய் நறுக்கும் கத்தியும் அதே மாதிரி தடித்த பிடியில் கிடைத்தால் ஒன்று. மெலிந்த பிடியை இறுக்கிப் பிடிக்கத்தான் எனக்கு வருவதில்லை. தை மாதம் வரும்போது கொண்டு வந்தால் போதும், கூரியரில் அனுப்பித் தண்டம் அழ வேண்டாம். கத்தியைப் பெரிய பெட்டியில் வை, கைப்பையில் வைத்து ஏர்போர்ட்டில் பறிகொடுக்காதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குட்டிக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா