முப்பதில் இருபத்தைந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பணம் வந்துவிட்டது. செல்போனில் வங்கிச் செய்தியைப் பார்த்ததும் எனக்கு உங்கள் வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா மலைச்சாலைதான் நினைவுக்கு வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

அன்றைக்கு ஸ்கைலைன் டிரைவில் நீயும் மாப்பிள்ளையும் பள்ளத்தாக்கைப் படம் எடுத்தீர்கள். நான் கைப்பிடிச்சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன். ரிட்டயர் ஆகியும் ரோட்டு வேலைப் புத்தி போகவில்லை என்று சிரித்தாய். வேறெங்கே போகும்? அடியில் பெரிய கல், மேலே போகப் போகச் சின்னது. ஒரு மூட்டுக்கு நேர்மேலே இன்னொரு மூட்டு வராதபடி மாற்றி மாற்றி அடுக்கியிருந்தார்கள். நிழல் பக்கம் பாசி பிடித்திருந்தது.

அப்புறம் பிக் மெடோஸில், சட்டையில்லாமல் கோடரியோடு நிற்கும் பையனின் சிலையைப் பார்த்தோமே, அந்தப் பையன்கள்தான் இந்தச் சுவர்களைக் கட்டியவர்கள். 1933இல் அமெரிக்காவில் நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. ரூஸ்வெல்ட் அதிபராகப் பதவியேற்றது மார்ச் 4; வேலையில்லாத இளைஞர்களுக்காக அவர் தொடங்கிய ‘சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ்’ திட்டத்தின் முதல் முகாம் ஏப்ரல் 17இல் வர்ஜீனியாவிலேயே திறந்தாகிவிட்டது. எங்கள் காலத்தில் ஒரு சின்னப் பாலத்துக்கு எஸ்டிமேட் மேலே போய்த் திரும்புவதற்கே அதைவிட நாளாகும்!

கல்யாணமாகாத இளைஞர்களை ஆறு மாதத்துக்கு எடுத்தார்கள். உங்கள் வீட்டில் வந்து தங்க எனக்குக் கிடைத்த அனுமதிக் கணக்குதான். ராணுவம் முகாம் நடத்தியது. உள்ளூரில் கைத்தொழில் தெரிந்த பெரியவர்களைக் கூலிக்கு வைத்து வேலை சொல்லிக்கொடுத்தார்கள். கல்லைத் தொட்டே அறியாத பையன்கள் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள். நோயில் பட்டுப்போன செஸ்ட்நட் மரங்களை வெட்டினார்கள், சரிவுகளில் செடி நட்டார்கள். 1942இல் திட்டம் முடிவதற்குள் நாடு முழுக்க 300 கோடி மரம் நட்டிருந்தார்கள்.

எல்லாம் புண்ணியக் கணக்கு இல்லை. ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்காக அந்த மலையில் தலைமுறைகளாகக் குடியிருந்த குடும்பங்களைக் காலி செய்ய வைத்தார்கள். ஆளில்லாத வீடுகளைப் பிரித்துப்போட்டதும் இதே பையன்கள்தான். கறுப்பினப் பையன்களுக்குத் தனி முகாம். பெண்பிள்ளைகளுக்கு இதில் இடமே இல்லை.

சரி, பண விஷயத்துக்கு வருகிறேன். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 நேராக வீட்டுக்குப் போய்விடும். பையன் கைக்கு 5. அந்த 25இல்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது. ஆனால் பாப்பா, அவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் துணிமணியும் முகாமிலேயே கிடைத்தன. உனக்கு யார் தருகிறார்கள்? நீ வாடகை கட்ட வேண்டும், காருக்குத் தவணை கட்ட வேண்டும். போன குளிரில் அந்தப் பழைய கோட்டையே போட்டுக்கொண்டு அலைந்ததை நானும் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

எனக்குப் பென்ஷன் வருகிறது. மாடி ஒழுகலையும் சரிசெய்தாயிற்று. அடுத்த மாதம் அனுப்பாதே. அனுப்பியே தீருவேன் என்றால் அந்தக் கணக்கைத் திருப்பிப் போடு: 5 இங்கே, 25 உனக்கு.

இன்னொன்று. மறுபடி அந்தப் பக்கம் போனால் அந்தச் சுவரைக் கிட்டப்போய் ஒரு படம் எடுத்து அனுப்பு. முன்னால் யாரும் நிற்க வேண்டாம், கல் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அப்பா