சேணம் வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள சேகர்,

நலம், நலமறிய ஆவல். பேத்திக்குக் காது குத்திய படத்தைப் பார்த்தோம். உன் மடியில் உட்கார்ந்து அழுகிற அந்த முகம் அப்படியே உன் அம்மா. இங்கே ஊட்டியில் மழை விட்டு, காலையில் லாயத்துக் கூரையெல்லாம் வெள்ளையாகப் பனி.

கிண்டியில் ஓடி ஓய்ந்த குதிரையை நீ வாங்கிக்கொண்டது எனக்குப் பெரிய சந்தோஷம். சேணம் எது வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே சேகர். நான் அவசரப்பட்டேன், பாடுபட்டது என் குதிரை ராணி.

அவளுக்கு வாங்கிய முதல் சேணத்தில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. அதை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதத்தில், சேணத்தைத் தூக்கிக்கொண்டு போனாலே காதை மடக்கிக் கடிக்க வந்தாள். ஒருநாள் சவாரி முடிந்து கழற்றினால் முதுகெல்லாம் வியர்வை, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டின் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் காய்ந்து கிடந்தது. வியர்க்காத இடம் நல்ல இடம் என்று நினைத்தேன். அழுத்தம் தாங்காமல் அங்கே வியர்வையே நின்றுபோயிருக்கிறது. அடுத்த முறை முடி உதிர்ந்து முளைத்தபோது அந்த இடத்தில் வெள்ளை முடி வந்தது. இன்றும் தேய்த்துவிடும்போது கை அங்கே போனால் மனசு கேட்பதில்லை.

அதனால் முதலில் முதுகை அளந்துகொள். வளைத்தால் அப்படியே நிற்கிற கம்பியை அந்த மேட்டின் மேல், தோள்பட்டை எலும்புக்குச் சற்றுப் பின்னால் அழுத்தி வளைத்து, அட்டையில் வைத்து வரை. சேணத்தைத் துணி போடாமல் வைத்துப் பார். மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் போக வேண்டும், நீ ஏறி உட்கார்ந்த பிறகும். குதிரை முன்காலை நீட்டும்போது தோள்பட்டை எலும்பு பின்னால் நகரும், அதைச் சேணம் தடுக்கக் கூடாது. பின்பக்கம் கடைசி விலா எலும்பைத் தாண்டவும் கூடாது. அதற்குப் பின்னால் பாரம் தாங்க எலும்பில்லை.

உன் குதிரைக்கு அகலம் மாற்றுகிற சேணம்தான் சரி. பந்தயத்திலிருந்து வருகிறவை ஒடுங்கிய முதுகோடு வரும். தீனி போட்டு, நிதானமாகப் பழக்கினால் ஆறு மாதத்தில் சதை பிடிக்கும். அன்று பொருந்தியது இன்று கவ்வும். விண்டெக் கம்பெனிச் சேணம் மாதிரியானவற்றில் முன்பக்கத்து இரும்புத் தகட்டைத் திருகைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். தகட்டின் நிறமே அளவைச் சொல்லும்: மஞ்சள் ஒடுக்கம், கறுப்பு நடுத்தரம், சிவப்பு அகலம். ஆனால் தகடு மாற்றுவது முன்பக்க அகலத்தை மட்டும்தான். முதுகின் வளைவும் சேணத்தின் வளைவும் ஒத்துப்போகாமல் நடுவில் இடைவெளி விழுந்தால் எந்தத் தகடும் உதவாது, அந்தச் சேணமே வேண்டாம். இறுக்கமாக இருக்கிறதென்று தடித்த துணி போடச் சொல்வார்கள். கேட்காதே, இன்னும்தான் இறுகும்.

அட்டையில் வரைந்ததை எனக்கு அனுப்பு. ராணி சதை போட்டதிலிருந்து என்னிடம் மஞ்சள் தகடு ஒன்று சும்மா கிடக்கிறது. நீ வாங்குவதும் இதே ரகமாக இருந்து, அளவும் சரிப்பட்டால் பார்சலில் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
ரகு